மேல்கோட்டையும் குட்டிக் குக்கரும்

எங்கள் ஆபீஸில் எல்லார் மேசைக்கு எதிரேயும் ஒரு சுவர்க் காலண்டர் தொங்கும். மற்றவர்கள் மாதம் பிறந்தால் தாளைத் திருப்புவார்கள். என் காலண்டர் மட்டும் ஒரு மே மாதத்தில் நின்றது, நின்றதுதான். வருஷங்கள் போயின, மேனேஜர்கள் மாறினார்கள், என் சுவரில் மே முடியவே இல்லை. காரணம் அந்தத் தாளில் இருந்த படம். மலைச்சரிவில் ஆரஞ்சு ஓட்டு வீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் போகும். நடுவில் ஒரு மணிக்கூண்டு, அதற்கும் கீழே கடல், எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயில். மூலையில் பொடி எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்தது: ஹெர்செக் நோவி, மாண்டநீக்ரோ.

எனக்கு நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மாத்திரை தண்ணீரில் சரியாகக் கரைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரை என்ன, நாம் முறைத்துப் பார்த்தால் சீக்கிரம் கரையுமா? அது கரைகிறவரை நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் சந்தானம் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். ஒரு மின்சாரக் கம்பெனியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் ரிடயர் ஆனார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு ஊருக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "அங்க சாப்பாடு என்ன கிடைக்கும்?" என்பதுதான். கிடைக்காது என்று பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். பிறகு நாங்கள் அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புவோம். அதனால்தான் எல்லோஸ்டோனில் அத்தனை பேரும் கைதட்ட வெந்நீர் ஊற்று வானத்துக்குச் சீறியபோது நான் காரின் பின்பக்கம் நின்று தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். கிராண்ட் கேன்யனில் சூரிய உதயம் பிரமாதமாக இருந்ததாம். நான் மோட்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். நயாகராவை முழுசாகப் பார்த்தேன், ஆனால் "சீக்கிரம், ஜலஜா, சீக்கிரம்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமே. கொடுமைப்படுத்தினால் நன்றாக ஒரு சண்டை போடலாம். இங்கே எல்லாரும் என் கையால் சாப்பிட்டுவிட்டு "சூப்பர்" என்று சொல்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்த வசந்த காலத்தில் என் நாத்தனார் வசந்தாமணி காஞ்சிபுரத்திலிருந்து எங்களோடு ஆறு மாதம் இருக்க பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்திருந்தார். இவரைவிட மூத்தவர், சுத்த சைவம், அதிகம் பேசமாட்டார். எங்கள் மகள் தீக்ஷாவும் ஜெர்சி சிட்டியிலிருந்து வாரக் கடைசிக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் கோடை விடுமுறைப் பேச்சு வந்தது. இவர் புளோரிடா என்று ஆரம்பித்தார். நான் கரண்டியை வைத்தேன்.

"இந்தத் தடவை ஊரை நான் சொல்றேன்."

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சொன்னேன். இவர் ஊர்ப்பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து இரண்டு தரமும் தப்பாகச் சொன்னார்.

"அது எங்கம்மா இருக்கு? அங்க சாப்பாடு என்ன கிடைக்கும்?"

"அதெல்லாம் தெரியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்தக் காலண்டர் படத்தை எங்க நின்னு எடுத்தானோ, அங்க ஒரு சாயங்காலம் நான் நிக்கணும். வேற எதுவும் கேக்கல."

தீக்ஷா போனைத் தட்டிப் பார்த்தாள். "அப்பா, கெஸ் வாட், அத்தையோட யு.எஸ். விசா இருந்தாலே அங்க விடறாங்க. தனியா அப்ளை பண்ண வேணாம்."

தனியாக அப்ளை பண்ண வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் மந்திரம். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப டன்!" என்றார்.

அதோடு நிற்கவில்லை. மறுவாரமே இந்தியக் கடைகள் நிறைந்த எடிசனுக்குப் போய் ஒரு குட்டி ரைஸ் குக்கர் வாங்கி வந்தார். உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும், அவ்வளவு சின்னது. "இது உனக்குத்தான், ஜலஜா. அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டிட்டு நீ பாட்டுக்குப் போய்ட்டே இருக்கலாம். நீ அங்க அடுப்புகிட்ட நிக்கவே கூடாது" என்றார். எந்த நாட்டுச் சுவரிலும் நுழைகிற மாதிரி ஒரு பிளக் அடாப்டரும் வாங்கியிருந்தார். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த மனுஷர் எனக்கு வாங்கித் தருகிற எல்லாப் பரிசும் கடைசியில் சமையலறையில்தான் போய் உட்காரும். ஆனாலும் இதை எனக்காகத்தான் வாங்கினார் என்பதில் சந்தேகமில்லை.

மே மாதம் இஸ்தான்புல் வழியாகப் போய் இறங்கினோம். நான்கு பெட்டியில் மூன்று வந்தது. அரிசி வந்துவிட்டது, குக்கர் வரவில்லை.

"ரெண்டு மூணு நாள்ல வந்துடும்னு சொல்றாங்க" என்றார் இவர், விமான நிலையக் கவுண்டரிலிருந்து அசடு வழியத் திரும்பி வந்து. நாங்கள் அங்கே இருக்கப்போவதே மூன்று சாயங்காலம்தான்.

டாக்சி ஒரு படகில் ஏறிக் கடலைக் கடந்து, வளைந்து வளைந்து போய், ஒரு சாலையோரத்தில் எங்களை இறக்கிவிட்டது. இனிமேல் வண்டி போகாதாம். வீடு புக் பண்ணும்போது "சம் ஸ்டெப்ஸ்" என்று தீக்ஷா சொல்லியிருந்தாள். அந்த ஊரே படிக்கட்டுதான். தெரு என்று நினைத்துத் திரும்பினால் படி, சந்து என்று நினைத்தால் படி, ஒருவர் வீட்டு வாசலே இன்னொருவர் வீட்டுக் கூரை உயரத்தில் இருக்கிறது. இவர் பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து மூச்சு வாங்கினார். என் நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தீக்ஷாவின் பழைய ஸ்னீக்கர்ஸில் விறுவிறுவென்று மேலே போய், அங்கிருந்து திரும்பி, "பழனிக்கே வந்த மாதிரி இருக்குடா சந்தானம்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

கல் வீடு. கீழ்ப்பகுதி எங்களுக்கு. மேலே வீட்டுக்காரி வெஸ்னா இருந்தாள். என் வயதுதான் இருக்கும், சிரித்த முகம், நாலு வார்த்தை இங்கிலீஷ். முன்னால் ஒரு சின்னத் தளம், அதில் ஒரு எலுமிச்சை மரம். தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வீடுகளுக்கெல்லாம் மேலே சாம்பல் நிறத்தில் பெரிய கோட்டைச் சுவர் தெரிந்தது.

ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி என் கைப்பையில் கொண்டுவந்திருந்த காலண்டர் தாளைத் தீக்ஷா வாங்கி, மணிக்கூண்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ஃப்ரம் அப் தேர். டெஃபனிட்லி."

அந்தக் கோட்டையின் பெயர் கான்லி குலாவாம். நான் மேல்கோட்டை என்று வைத்துக்கொண்டேன்.

"போலாமா?" என்றேன்.

"போலாம் போலாம். முதல்ல அக்காவுக்கு ஏதாவது சாப்பாடு பண்ணிடலாமா? பிரயாணத்துல ஒண்ணுமே சாப்பிடல. அக்கா வெளி சாப்பாடு தொட மாட்டா, தெரியும்ல" என்றார் இவர்.

தெரியும். அந்த வீட்டு மின்சார அடுப்பு ஒரு சோம்பேறி. திருகினால் சிவக்கவே யோசித்தது. பாத்திரத்தில் சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளத்தைச் சுட்டு எடுத்தபோது வெளியே இருட்டிவிட்டது. என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். "நல்லாருக்கு, ஜலஜா" என்றார்.

மறுநாள் படகில் வளைகுடாவைச் சுற்றிப் பார்த்தோம். கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு மாதா கோவில். அழகாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து படியேற ஆரம்பித்ததுமே, "சீக்கிரம், ஜலஜா, அக்காவுக்குப் பசிக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். தீக்ஷா பாஸ்தா பண்ணுகிறேன் என்றாள். அத்தை சாப்பிட மாட்டாங்க என்று இவரே தடுத்துவிட்டார். மறுபடியும் அந்தச் சோம்பேறி அடுப்பு. சமையலறை ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரியும். அது ஆரஞ்சாகிப் பிறகு சாம்பலானது. அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த அஸ்தமனம்.

அன்றிரவு படுத்தபடி கணக்குப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு சாயங்காலம்தான். அதற்கடுத்த நாள் விடிந்ததும் கிளம்ப வேண்டும். வீட்டுக்குப் போய் ஆபீஸில் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, அந்த ஊருக்குப் போனேன், அங்கே ரசம் வைத்தேன் என்று சொல்லிக்கொள்வதா?

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டி வந்துவிட்டது. டாக்சிக்காரர் சாலையில் வைத்துவிட்டுப் போன பெட்டியை இவர் ஒருவராகவே படிகளில் தூக்கி வந்தார். சட்டை நனைந்து, முகம் சிவந்து, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. "பாத்தியா! சொன்னேன்ல! இன்னிக்கு நீ கோட்டைக்குப் போற, நான் சமைக்கறேன். அடுப்படிப் பக்கமே வராத."

சாயங்காலம் அவரே அரிசி கழுவினார். விரலை விட்டுத் தண்ணீர் அளந்தார். அடாப்டரில் குக்கரின் பிளக்கைச் செருகி, அதைச் சுவரில் செருகி, ஒரு பூஜையைத் தொடங்கி வைக்கிற மாதிரி நின்றார். நான் பச்சை நிறச் சல்வாரும் நடக்கிற ஷூவும் போட்டுக்கொண்டு, கைப்பையில் காலண்டர் தாளோடு வாசலில் நின்றேன். ஒரு கால் வெளியே வைத்தாகிவிட்டது.

"சுவிட்ச் போடறேன், பாரு" என்றார்.

போட்டார். குக்கரின் சிவப்பு விளக்கு நான் எந்த குக்கரிலும் பார்த்திராத பிரகாசத்தோடு எரிந்தது. நல்ல கம்பெனிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி படார் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு மின்னல். ஃபிரிஜ்ஜின் முனகல் நின்றது. மாடியில் வெஸ்னாவின் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. வீடு முழுக்க ரப்பர் கருகின நாற்றம்.

இவர் குக்கரைச் சுவரிலிருந்து பிடுங்கி, உள்பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். தீக்ஷா போன் டார்ச்சை அடித்தாள். அடியில் ஒட்டியிருந்த தகட்டை அவர் படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார்.

"நூத்திருவது வோல்ட்" என்றார், ஏதோ கெட்ட செய்தியைச் சொல்வது போல. "அமெரிக்கா குக்கர். இங்க இருநூத்தி முப்பது."

"அடாப்டர் போட்டீங்களே?" என்றேன்.

"அது பிளக்கோட ஷேப்பைத்தான் மாத்தும், ஜலஜா. வோல்டேஜை மாத்தாது."

"நீங்க எலெக்ட்ரிகல் இன்ஜினியர்தானே?"

அவர் குக்கரை மெல்ல நிமிர்த்தினார். தீக்ஷா சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையை மேசைமேல் வைத்தேன். அரிசியைக் குக்கரிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றினேன். அடுப்பில் ஏற்றினேன். குமிழைத் திருகினேன். திருகிவிட்டு, அது சிவப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கரண்ட் இல்லை என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. குக்கர் போனதற்காக இல்லை. செத்துப்போன அடுப்புக்கு முன்னால்கூட என் கை தானாகப் போய் நின்றதே, அதற்காக.

வெஸ்னா டார்ச்சோடு இறங்கி வந்தாள். இவர் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். அவள் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள், குக்கரை வாங்கிப் பார்த்தாள், மோந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நோ ப்ராப்ளம். மை பிரதர். மார்னிங்" என்றாள். காலையில் அவள் தம்பி வந்து சரிசெய்துவிடுவானாம். அதுவரை மேலும் கீழும் வீடு முழுவதும் இருட்டுதான்.

இவர் கவலையோடு என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், பாவம். "இப்ப அக்காவுக்கு என்ன பண்றது? ஜலஜா, அவல் கொண்டுவந்தோம்ல? அதை ஊறவெச்சு, தயிர் ஊத்தி…"

"அவல் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "தயிரும் இருக்கு. ஊறவைக்கத்தான் ஆள் இல்ல. நான் கோட்டைக்குப் போறேன். அண்ணி, மன்னிச்சிடுங்க. முப்பது வருஷமா எந்த ஊருக்குப் போனாலும் நான் அந்த ஊர் அடுப்பைத்தான் பாத்துட்டு வரேன். இந்த ஒரு ஊரையாவது நான் பாக்கணும். இன்னிக்கு நீங்க பட்டினியா இருந்தாலும் பரவால்ல, நான் போறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வயதில் மூத்தவர், விருந்தாளியாக வந்தவர், அவர் முகத்துக்கு நேரே பட்டினி கிட என்று சொல்லிவிட்டேன். தீக்ஷாகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாள்.

என் நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா சந்தானம், நான் வெளிய சாப்பிட மாட்டேன்னு உனக்கு யாருடா சொன்னா?"

இவர் திகைத்தார். "யாரு சொல்லணும்? நீ எப்பவுமே சாப்பிட மாட்டியேக்கா?"

"உங்க மாமா சாப்பிட மாட்டாரு. அவரு சாப்பிடாதப்ப நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது? அவரு போய் எவ்வளோ வருஷம் ஆச்சு. கறி, முட்டை இல்லாம இருந்தா எனக்குப் போதும். வந்ததுலேர்ந்து அந்த முக்கு ரொட்டிக் கடையிலேர்ந்து வாசனை வருது. நானும் போறப்பவும் வர்றப்பவும் அந்த இடத்துல மட்டும் மெதுவா நடந்து பாக்கறேன். ஒருத்தராவது, வேணுமாக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வாயத் திறந்து சொல்லிருக்கலாம்லக்கா?"

"எப்படிடா சொல்றது? ஜலஜா அவ்ளோ ஆசை ஆசையா சமைக்கிறா. வெளிநாடு வந்தும் அடுப்பை விட்டு நகர மாட்டேங்கறா. வேணாம்னு சொன்னா அவ மனசு கஷ்டப்படாதா?"

ஆசை ஆசையா! எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் அவருக்காக வடித்தேன். அவர் எனக்காக விழுங்கினார். இவர் எங்கள் இரண்டு பேருக்காகவும் ஒரு குக்கரைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து வந்து ஒரு வீட்டையே இருட்டாக்கினார். இத்தனை நாளில் ஒருத்தரும் ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தேன். பிறகு என் நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார். எதுவும் புரியாத வெஸ்னாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

தீக்ஷா அவளுக்கு இங்கிலீஷில் விளக்கினாள், பாதி வாயாலும் பாதி கையாலும். வெஸ்னா உடனே என் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் அவளிடம் ஒரு கேஸ் அடுப்பு இருக்கிறதாம். மாவு புளித்துத் தயாராக இருக்கிறதாம். எண்ணெயில் உருண்டையாகப் பொரித்துத் தேன் ஊற்றித் தின்பார்களாம், முட்டை கிடையாதாம். "அத்தை, இட்ஸ் லைக் அப்பம்!" என்றாள் தீக்ஷா. என் நாத்தனார் அதற்குள் பாதி மாடிப்படி ஏறிவிட்டார்.

"நானும் உன்கூட வரேன்" என்றார் இவர் என்னிடம். கையில் இன்னும் அந்தக் குக்கர்.

"வேணாம். நீங்க சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன், ஜலஜா."

"சொல்லுவீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, சொல்லுவேன்" என்று ஒப்புக்கொண்டார். "நீ போய்ட்டு வா. போனை கைல வெச்சுக்கோ."

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெயில் ஏற்கெனவே மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. அது கோட்டைச் சுவரைத் தாண்டிப் போவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். இரண்டு இரண்டு படியாக ஏறப் பார்த்தேன், முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு படிக்கட்டு நேராகப் போய் யாரோ ஒருவருடைய கோழிக்கூண்டில் முடிந்தது. இறங்கி வேறு வழியில் ஏறினேன். காயப்போட்ட துணிகளுக்குக் கீழே குனிந்து போனேன். படியில் படுத்திருந்த பூனைகள் எதுவும் எனக்காக நகரவில்லை. வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் மூச்சு வாங்கியபடி "கான்லி குலா?" என்றேன். கத்தியாலேயே மேலே காட்டினாள். இன்னும் மேலேயா!

ஒரு வெளிநாட்டு ஊரில் இப்படித் தனியாக நடப்பது இதுதான் முதல் தடவை என்று பாதி வழியில் தோன்றியது. கையில் டிபன் பை இல்லை, பின்னால் யாருடைய குரலும் இல்லை. வியர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோட்டை வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அன்றைக்கு ஏதோ நாடக ஒத்திகை போலிருக்கிறது, பையன்களும் பெண்களும் மேடையில் விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து, இன்று பார்வையாளர்களுக்கு இல்லை என்று பணிவாகச் சொன்னாள். எனக்குப் பேச மூச்சில்லை. கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன்.

அவள் பார்த்தாள். அதன் ஓரங்கள் மஞ்சளாகியிருந்ததையும், அதிலிருந்த வருஷத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஏணியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். ஆளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டி விவாதித்தார்கள். கடைசியில் அவள் என் முழங்கையைப் பிடித்துக் கல் படிகளில் ஏற்றி, சுவரின் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, "ஹியர்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

ஓடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் போயின. நடுவில் மணிக்கூண்டு, அதற்கும் கீழே கடல். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வெயில் மட்டும் இல்லை. நான் வந்து சேர்வதற்கு முன்பே அது மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஓடுகளின் ஆரஞ்சு மங்கி, கடல் ஊதா நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குக்கர் மட்டும் வெடிக்காமல் இருந்திருந்தால் சரியான நேரத்துக்கு வந்திருப்பேன். இத்தனை வருஷம் பார்த்த வெளிச்சம் சற்று முன்னால்தான் போயிருக்கிறது.

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பிறகு பக்கத்து வீட்டில் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு. படிக்கட்டுகளில் தெருவிளக்குகள் வரிசையாக மேலேறி வந்தன. மணிக்கூண்டின் முகம் வெளிச்சமானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பொட்டுகள் பூத்துவிட்டன. என் காலண்டரில் இது இல்லை. அந்தப் படம் எடுத்தவன் அவசரப்பட்டு இறங்கிப் போயிருக்கிறான்.

எங்கள் வீடு எது என்று தேடினேன். மணிக்கூண்டிலிருந்து இடது பக்கம், ஒரு வளைவு, எலுமிச்சை மரம் இருக்கிற தளம். கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஊர் முழுக்க விளக்குப் போட்டிருந்தது, ஒரே ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆன நாள் முதலாக, நான் இருக்கிற வீட்டு அடுப்படியில் சாயங்காலம் விளக்கு எரியாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேடையிலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். போன் அடித்தது. இவர்தான்.

"ஜலஜா, போய்ட்டியா? தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. நம்ம வீடு மட்டும்தான் இருட்டா இருக்கு. அதனால நல்லா தெரியுது."

அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம், தீக்ஷாவின் குரல், என் நாத்தனார் "இன்னும் ரெண்டு போடச் சொல்லுடி" என்று சொல்வது எல்லாம் கேட்டது.

"அக்கா சாப்பிட்டுக்கிட்டே இருக்கா. நிறுத்த மாட்டேங்கறா" என்றார். "இரு, ஒரு நிமிஷம் இரு." மாடிப்படி இறங்குகிற சத்தம். "இப்பப் பாரு. தெரியுதா?"

அந்த இருட்டு வீட்டின் தளத்தில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. போன் டார்ச்சைப் பிடித்துக் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"தெரியுது" என்றேன்.

"சரி, ஜலஜா, சீக்கிரம்…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் காத்திருந்தேன். கீழே அந்த வெளிச்சமும் ஆடாமல் நின்றது.

"ஒண்ணுமில்ல" என்றார். "நீ இரு. இருந்து பாத்துட்டு வா."

போனை வைத்தேன். கல்லில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன்.